வண்டியில் மின்னல் விழுந்தால்: டி அண்ட் டி ஐந்தாம் பதிப்பு, ஒரு ஆட்டோ எலக்ட்ரீசியன் பார்வையில்

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு விதிப் புத்தகங்களில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இந்த விமர்சனத்தை எழுதுகிறேன். மந்திர மின்னல் ஒரு வண்டி மேல் விழுந்தால் வண்டிக்கு என்ன ஆகும், உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்கு என்ன ஆகும்? மதுரை பழங்காநத்தத்தில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். பகலெல்லாம் செல்ஃப் மோட்டார், ஆல்டர்னேட்டர், வயரிங். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அதே கடையில் பகடையை உருட்டுவோம். நான்தான் டிஎம், அதாவது கதையை நடத்துகிறவன். ஆடுகிறவர்களில் ஒருவர் மினி பஸ் ஓட்டுகிறார், ஒருவர் சொந்தமாக லோடு வண்டி வைத்திருக்கிறார், அக்கா மகன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான், அவனோடு படிக்கிற பொண்ணு ஒன்றும் வரும். இப்படி ஒரு கூட்டம் உட்கார்ந்தால் கதையில் வண்டி வராமல் இருக்குமா? கூண்டு வண்டி, தேர், கப்பல், பறக்கும் கப்பல் என்று ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் இந்தக் கேள்வி எங்களுக்கு முக்கியம்.

இந்த விளையாட்டு தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. ஆளுக்கொரு கேரக்டர் வைத்துக்கொண்டு, டிஎம் சொல்லும் சூழலில் என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்லி ஆடுவது இது. பலிக்குமா பலிக்காதா என்பதைப் பகடை சொல்லும். 1974-இல் வந்தது. ஐந்தாம் பதிப்பு 2014-இல் வெளியானது, 2024-இல் அதைத் திருத்தி மறுபடி போட்டார்கள். என்னிடம் இருப்பது 2014 புத்தகங்கள். கீழே நான் சொல்லும் எண்களும் அவற்றில் உள்ளவைதான்.

மந்திரவாதி ஐந்தாம் லெவலுக்கு வந்ததும் கிடைக்கும் பெரிய ஆயுதம் ‘லைட்னிங் போல்ட்’. கையை நீட்டினால் 100 அடி நீளம், 5 அடி அகலத்துக்கு ஒரு கோடாக மின்னல் பாயும். அந்தக் கோட்டில் நிற்கிற ஒவ்வொரு உயிரும் சுறுசுறுப்புக்கான சேவ், அதாவது தப்பிக்கிறதற்கான பகடை, உருட்ட வேண்டும். தவறினால் 8டி6 சேதம், அதாவது ஆறு முகப் பகடையை எட்டு தடவை உருட்டிய கூட்டுத்தொகை, சராசரியாக 28. தப்பினால் அதில் பாதி. யாரும் அணியாத, கையில் பிடிக்காத எரியக்கூடிய பொருள்கள் அந்தப் பாதையில் கிடந்தால் தீப்பிடிக்கும். விதி இவ்வளவுதான், படித்தால் தெளிவாகவே இருக்கிறது.

இப்போது அதை ஒரு வண்டிக்குப் பொருத்திப் பாருங்கள். சேதம் உயிர்களுக்கு மட்டும். வண்டி உயிர் இல்லை. அப்படியானால் எழுத்துப்படி, இரும்பு வண்டி ஒன்றின் மேல் 28 புள்ளி மின்னல் பாய்ந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. மர வண்டி தீப்பிடிக்கும், ஆனால் உடையாது. அதே புத்தகத்தில் ‘ஷாட்டர்’ என்று ஒரு சின்ன ஸ்பெல், அதாவது மந்திரம், இருக்கிறது, இடிச் சத்தத்தால் அடிப்பது. யாரும் பிடித்திராத சாதாரணப் பொருள்களுக்கும் சேதம் உண்டு என்று அதில் தனியாக எழுதியிருக்கிறார்கள். ஸ்பெல் வரிசையில் ஆறாம் லெவலான ‘செயின் லைட்னிங்’கில் இலக்கு உயிராகவும் இருக்கலாம், பொருளாகவும் இருக்கலாம் என்று அதுவும் அச்சில் இருக்கிறது. ஆக, சொல்ல வேண்டிய இடத்தில் சொல்ல அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எல்லாரும் அதிகம் பயன்படுத்துகிற லைட்னிங் போல்ட்டில் மட்டும் அந்த ஒரு வரியை விட்டிருக்கிறார்கள்.

உள்ளே இருப்பவர் கதை இன்னும் மோசம். ஐந்தாம் பதிப்பில் உள்ளே இருப்பவரைக் காப்பாற்றுவது ‘கவர்’ விதிதான், அதாவது மறைப்பு. பாதி மறைந்திருந்தால் சேவுக்கு 2 கூடும், முக்கால் மறைந்திருந்தால் 5 கூடும். முழுக்க மறைந்திருந்தால் மந்திரம் நேராக அவரைத் தொடாது. ஒரு பரப்பின் மேல் பாயும் ஸ்பெல்லும் அப்படித்தான்: தொடங்கும் இடத்திலிருந்து நேர்கோடு போட்டு, வழியில் முழு மறைப்பு இருந்தால் அதற்கு அந்தப் பக்கம் பாதிப்பு இல்லை. மறைப்பு எதனால் ஆனது என்று விதி கேட்பதே இல்லை.

எங்கள் ஆட்டத்தில் இது நேருக்கு நேராக வந்தது. உசிலம்பட்டிப் பக்கமிருந்து கூடல் நகரத்துக்கு உப்பு ஏற்றிக்கொண்டு இரண்டு கூண்டு வண்டி வருகிறது. நாகமலை அடிவாரத்தில் பாறை மேல் நின்று ஒரு கள்ள மந்திரவாதி மின்னலை விடுகிறான். அக்கா மகன் உடனே, “மாமா, நான் வண்டிக்குள்ள படுத்திருக்கேன். முன்னாடியும் பின்னாடியும் பாய் போட்டு மூடியாச்சு. முழு கவர். எனக்கு எப்படி விழும்?” என்றான். விதிப்படி அவன் சொல்வது சரி. மினி பஸ் டிரைவருக்குத்தான் பொறுக்கவில்லை. “தம்பி, பாய்க்குள்ள மின்னல் வராதாக்கும்? அப்ப ஊரெல்லாம் எதுக்கு இடிதாங்கி வச்சிருக்காங்கெ, ஆளுக்கொரு பாய் வாங்கிக் குடுத்திருக்கலாமே!” இரண்டு பேருக்கும் வாக்குவாதம் ஏறிக்கொண்டே போனது. நான் புத்தகத்தை அங்கிட்டும் இங்கிட்டும் புரட்டினேன். கோரைப்பாய் போட்ட கூண்டையும் இரும்புத் தகடு அடித்த பெட்டியையும் பிரித்துச் சொல்கிற ஒரு வரி அதில் இல்லை.

இது சின்ன விஷயம் என்று எனக்குத் தோன்றவில்லை. மின்னல் விழுந்த கார் ஒன்று என் கடைக்கு வந்திருக்கிறது. சித்திரை மாதம் கோடை மழையில், ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கும்போதே கூரை ஏரியலில் இறங்கியிருக்கிறது. ஏரியலின் அடிப்பகுதி உருகி, சுற்றியிருந்த பெயிண்ட் கருகிப்போயிருந்தது. ஃப்யூஸ் பாக்ஸில் பிளாஸ்டிக் இளகி ஃப்யூஸ்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஈசிஎம், அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்துகிற கம்ப்யூட்டர், மொத்தமாகப் போய்விட்டது, திறந்து பார்த்தால் போர்டில் ஒரு மூலை கறுப்பு. பின்பக்க இடது டயர் வெடித்திருந்தது. டயரைக் கழற்றிவிட்டு ரிம்மைத் தடவினேன், ஓரத்தில் மிளகளவு குழி விரலில் தட்டியது. அலுமினியம் உருகி மணியாக உறைந்திருந்தது. மின்சாரம் அந்த வழியாகத்தான் தரைக்குத் தாண்டிப் போயிருக்கிறது. உள்ளே இருந்தவர்கள் குடும்பமாக நாலு பேர். காது அடைத்துப்போய் ஒரே இரைச்சலாக இருந்தது என்றார்களே தவிர, உடம்பில் ஒரு கீறல் இல்லை.

டயர் ரப்பர்தான் காப்பாற்றியது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். மேகத்திலிருந்து அத்தனை தூரம் காற்றைக் கிழித்துக்கொண்டு வருகிற மின்னலுக்கு ஒரு சாண் ரப்பர் ஒரு தடையே இல்லை. காப்பாற்றியது இரும்பு பாடிதான். சாதாரண மின்னலில் ஏறக்குறைய 30,000 ஆம்பியர் பாயும். அது கூரையில் இறங்கி, பாடியின் வெளிப்பக்கமாகவே ஓடி, தரைக்குப் போய்விடும். மைக்கேல் ஃபாரடே 1836-இல் ஒரு அறைக்குள் முழுக்க உலோகத் தகடு ஒட்டிச் செய்து காட்டினாரே, அதே சங்கதி. ஆனால் அதற்கு நாலா பக்கமும் உலோகம் வேண்டும். ஆட்டோவுக்கு மேலே ரெக்சின் கூரை, பக்கவாட்டில் ஒன்றுமில்லை, அதில் பாதுகாப்பு கிடையாது. பைக், திறந்த டிராக்டர் எதிலும் கிடையாது. மூடிய காரிலேயேகூட இடி மின்னல் நேரத்தில் கதவு இரும்பையும் பாடியோடு சேர்ந்த எதையும் தொடாமல் கையை மடியில் வைத்துக்கொள்வதுதான் நல்லது.

மந்திர மின்னலுக்கு இதெல்லாம் பொருந்துமா என்று கேட்பார்கள். நிஜ மின்னல் மாதிரியே இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கையிலிருந்து மின்னல் வருகிற உலகம் அது. ஆனால் ஆடுகிறவர்கள் முன்கூட்டியே யோசித்து ஏற்பாடு செய்ய முடிய வேண்டும். இரும்பு அடித்தால் என்ன பலன், மரத்திலேயே விட்டால் என்ன ஆபத்து என்பது தெரிந்தால்தான் உப்பு வண்டிக்காரர் காசு செலவழித்துத் தகடு அடிப்பதில் அர்த்தம் இருக்கும். எல்லாம் ஒன்றுதான் என்றால் பாய் வாங்கிப் போட்டுவிட்டுத் தூங்கலாம்.

நூறு தடவை வண்டி என்று சொல்லிவிட்டேன், வண்டியை இழுக்கிற மிருகத்தைப் பற்றி இன்னும் பேசவில்லை. இந்த ஒரு இடத்தில் ஐந்தாம் பதிப்பு என் மனதுக்குப் பிடித்த மாதிரி நடந்துகொள்கிறது. வண்டிக்குச் சேதம் இல்லை, ஆனால் நுகத்தடியில் பூட்டிய குதிரை உயிர். பாரம் இழுக்கும் குதிரைக்கு 19 ஹிட் பாயிண்ட், அதாவது விழுவதற்கு முன் தாங்கும் சேத அளவு. சராசரி மின்னல் 28. சேவ் தவறினால் அங்கேயே விழும், தப்பினால் 14 போய் 5 மிஞ்சும், மிரண்டு ஓடும். வயலில் மின்னல் விழும்போது மாடுகள் கூட்டமாகச் செத்துப்போவதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பக்கத்தில் விழுந்தாலே போதும், தரை வழியாகப் பரவும் மின்சாரம் முன்காலில் ஏறிப் பின்காலில் இறங்கும், வழியில் இருதயம். அதனால் மின்னல் விடுகிறவன் வண்டியைக் குறி வைக்காமல் பூட்டிய மிருகத்தைக் குறி வைப்பான் என்பது விதியிலும் சரி, நிஜத்திலும் சரி. எங்கள் லோடு வண்டிக்காரர் இதைப் பிடித்துக்கொண்டார். “டிராக்டர் போனா டிரெய்லர் என்ன செய்யும்?” என்றவர், அதிலிருந்து மலையடிவாரம் வந்தாலே மாட்டை அவிழ்த்துவிட்டு முதலில் ஆளை அனுப்பிப் பார்க்கச் சொல்கிறார்.

‘கால் லைட்னிங்’ என்கிற ட்ரூயிட் மந்திரத்தையும் சொல்ல வேண்டும். வண்டிச் சண்டைக்கு லைட்னிங் போல்ட்டைவிட இதுதான் சுவாரசியம். 100 அடி உயரத்தில், 60 அடி ஆரத்துக்கு ஒரு கருமேகம் கூடும். பத்து நிமிடம் வரை கவனம் சிதறாமல் இருந்தால், ஒவ்வொரு சுற்றும் மேகத்துக்கு அடியில் கண்ணில் படும் ஒரு புள்ளியில் மின்னலை இறக்கலாம். அந்தப் புள்ளியிலிருந்து 5 அடிக்குள் இருப்பவர்களுக்கு 3டி10. ஏற்கெனவே வெளியில் புயல் அடித்துக்கொண்டிருந்தால் இன்னொரு 1டி10 கூடும். நல்ல ஐப்பசி மழையில் மாட்டினால் சராசரி 22. மேகம் நின்ற இடத்திலேயே நிற்கும் என்பதுதான் இதில் முக்கியம். வண்டி நகரும். பாரக் குதிரையின் வேகம் சுற்றுக்கு 40 அடி, முழு மூச்சாக ஓட்டினால் 80. மேகத்துக்கு நடுவில் மாட்டினாலும் ஒரே விரட்டில் வெளியே வந்துவிடலாம். சேற்றில் சக்கரம் இறங்கினாலோ கடையாணி கழன்றாலோ போச்சு. வறண்ட வைகை மணலில் சக்கரம் புதைந்து நிற்க, மேலே மேகம் கூடிக்கொண்டு வந்த அந்தச் சண்டைதான் நாங்கள் ஆடியதிலேயே நல்லது. இந்த ஸ்பெல்லை எழுதியவர்களுக்கு முழு மார்க் கொடுப்பேன். ஆனால் இங்கேயும் அதே ஓட்டை: மின்னல் கூண்டின் உச்சியில் இறங்கினால், உச்சியிலிருந்து இரண்டு அடி கீழே படுத்திருப்பவனுக்குப் பாய் முழு மறைப்பு.

பழைய பதிப்புகள் இதில் எப்படி என்று பார்த்தேன். 3.5 பதிப்பு 2003-இல் வந்தது, அதன் அடிப்படை விதிகள் இணையத்தில் இலவசம். என் கணக்கில் வண்டி விஷயத்துக்கு அதுதான் நல்ல பதிப்பு. மின்சாரமும் நெருப்பும் பெரும்பாலான பொருள்களுக்குப் பாதிச் சேதம்தான் செய்யும், அதிலிருந்து பொருளின் கடினத்தைக் கழிக்க வேண்டும், மரத்துக்கு 5, இரும்புக்கு 10. அப்புறம்தான் முக்கியமான வரி: குறுக்கே இருக்கிற தடுப்பு உடைந்தால் மின்னல் அதைத் தாண்டி உள்ளே தொடரலாம், உடையாவிட்டால் அங்கேயே நின்றுவிடும். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். பத்தாம் லெவல் மந்திரவாதி 10டி6 அடிக்கிறான், சராசரி 35. பாதி 17. ஒரு அங்குலப் பலகை என்றால் 5 கழித்து 12. அந்தப் பலகைக்கு 10 ஹிட் பாயிண்ட். உடையும், மின்னல் உள்ளே இருப்பவர் மேல் பாயும். அதே இடத்தில் ஒரு அங்குல இரும்பு இருந்தால் 10 கழித்து 7, அதன் ஹிட் பாயிண்ட் 30. மின்னல் வெளியே நின்றுவிடும். பாருங்கள், மரத்துக்குள் இருப்பவன் மாட்டிக்கொள்கிறான், இரும்புக்குள் இருப்பவன் தப்பிக்கிறான். காரணம் வேறாக இருந்தாலும் விடை நான் கடையில் பார்த்த அதே விடை. ஈயம், செம்பு, வெள்ளி, வெண்கலம் மாதிரி சீக்கிரம் உருகுகிற உலோகத்தை உருக்கிவிடும் என்றும் அதில் இருக்கிறது. தேர் உச்சியில் செப்புக் கலசம் வைத்த எங்கள் ஆட்டத்துக்கு அந்த ஒரு வரியே பெரிய உதவி.

அதற்கும் முந்தைய முதல் பதிப்பில் மின்னல் சுவரில் பட்டால் திரும்பி வரும். அறைக்குள் விட்டவன் தானே வாங்கிக்கொள்வான். மூடிய பெட்டி வண்டிக்குள் இருந்துகொண்டு எவனாவது அதை விட்டால் என்ன ஆகும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதை நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை.

கர்ப்ஸ் என்கிற இன்னொரு விளையாட்டின் மின்னல் மந்திரத்தைச் சிலர் உசத்தியாகச் சொல்வார்கள். அதில் உலோகக் கவசம் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் மின்னலுக்கு எதிராக 1 புள்ளி தடுப்புதான். டி அண்ட் டியிலும் 2014 புத்தகத்தில் ‘ஷாக்கிங் கிராஸ்ப்’ ஸ்பெல்லுக்கு எதிராளி இரும்புக் கவசம் போட்டிருந்தால் அடிக்கிறவருக்குச் சாதகம் உண்டு. 2024-இல் அதை எடுத்துவிட்டார்கள், எடுத்தது நல்லது. இரும்பு என்றால் மின்சாரத்துக்கு ஆகாது என்கிற நினைப்பிலிருந்து வந்த விதிகள் இவை. உயர் அழுத்தக் கம்பிகளில் லைனை நிறுத்தாமலே கையால் தொட்டு வேலை செய்கிறவர்கள் உலோக இழை கலந்த உடையைத்தான் போட்டுக்கொள்கிறார்கள். மின்சாரம் உடையோடு போய்விடும், உடம்புக்குள் வராது. இரும்பைக் கையில் பிடிப்பது வேறு, உடம்பு முழுக்க இரும்பால் மூடியிருப்பது வேறு. கவசத்துக்கு எழுதிய விதியை அப்படியே தூக்கி வண்டிக்கு வைத்தால், இரும்புப் பேருந்தைவிட மரப்பெட்டி பத்திரம் என்று ஆகிவிடும்.

சரி, ஐந்தாம் பதிப்பை வைத்துக்கொண்டு நாங்கள் எப்படி ஆடுகிறோம் என்பதையும் சொல்கிறேன். டிஎம் புத்தகத்தில் பொருள்களுக்கு ஒரு அட்டவணை இருக்கிறது. மரத்துக்கு ஏசி (அடி படுவதற்குப் பகடையில் எட்ட வேண்டிய எண்) 15, இரும்புக்கு 19. வண்டி அளவுள்ள உறுதியான பொருளுக்கு 27 ஹிட் பாயிண்ட். மின்னலின் சராசரி 28. முழுச் சேதத்தையும் கொடுத்தால் ஒரே அடியில் வண்டி விறகாகிவிடும், அப்புறம் யாரும் வண்டியே வாங்க மாட்டார்கள். அதனால் 3.5-இலிருந்து அந்தப் பாதிக் கணக்கை எடுத்துக்கொண்டோம். 14 போனால் முதல் மின்னலில் வண்டி கருகி நிற்கும், இரண்டாவதில் உடையும். அந்த இடைவெளியில்தான் சண்டை நடக்கிறது: குதித்து ஓடுவதா, வண்டியை ஓட்டுவதா, பாறை மேல் இருப்பவனைப் பிடிப்பதா?

உள்ளே இருப்பவருக்கு: பாய், துணி, ஓலை எதுவும் மின்னலுக்கு மறைப்பு ஆகாது. மரப் பலகை முக்கால் மறைப்பு, சேவுக்கு 5 கூட்டிக்கொள்ளலாம், ஆனால் சேவ் உருட்டியே ஆக வேண்டும். நாலா பக்கமும் இரும்பு மூடியிருந்தால் ஒன்றும் ஆகாது, உள்ளே இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தால் ஒழிய. தொட்டிருந்தால் உடல் உறுதிக்கான சேவ், தவறினால் பாதிச் சேதம். இந்தக் கடைசி விதி வந்த பிறகு எங்கள் மேசையில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. மேகம் கூடுகிறது என்று நான் சொன்ன உடனே மினி பஸ் டிரைவர், “கையை மடியில வச்சுக்கிட்டேன்” என்பார். வண்டி ஓட்டுகிறவர் அவர்தான், கையை எடுத்தால் கடிவாளத்தை யார் பிடிப்பது என்று அந்தப் பொண்ணு கேட்டாள். நல்ல கேள்வி. தோல் கடிவாளம், மரப் பிடி, முன்பக்கம் ஒரு சின்னத் திறப்பு வைத்த இரும்பு வண்டி ஒன்றை அவள் வரைந்துகொண்டு வந்தாள், சக்கரத்து இரும்புப் பட்டாவிலிருந்து ஒரு சங்கிலி தரையைத் தொடுகிற மாதிரி. பாடி எர்த்! எங்கள் கூடல் நகரத்தில் இப்போது அப்படித்தான் வண்டி செய்கிறார்கள்.

மதுரையில் வளர்ந்தவர்களுக்கு வருணன் மேகத்தை ஏவி ஊரை அழிக்கப் பார்த்த கதையும், சிவனுடைய சடையிலிருந்து வந்த நான்கு மேகங்கள் நான்கு மாடங்களாக நின்று ஊரைக் காத்ததும் சின்ன வயதிலிருந்தே தெரியும். எங்கள் நீண்ட கதை அதைச் சுற்றித்தான் போகிறது. மேகத்துக்கு மேகத்தால் கூரை போட்ட ஊரில், கூரை எதனால் ஆனது என்று கேட்காத விதியை வைத்துக்கொண்டு ஆட எனக்கு மனம் வரவில்லை.

கப்பல் விஷயத்தில் நிலைமை நன்றாகவே இருக்கிறது. டிஎம் புத்தகத்தில் பாய்மரக் கப்பலுக்கு 300 ஹிட் பாயிண்ட், த்ரெஷோல்ட் 15. அதாவது ஒரே அடியில் 15-க்குக் குறைவாக விழுகிற எதுவும் கப்பலுக்கு உறைக்காது. எங்கள் பாதிக் கணக்கில் சராசரி மின்னல் 14. மயிரிழையில் கப்பல் தப்பிக்கும், பகடை நன்றாக விழுந்த அன்று மட்டும் அடி வாங்கும். 2019-இல் வந்த ‘கோஸ்ட்ஸ் ஆஃப் சால்ட்மார்ஷ்’ இன்னும் ஒரு படி மேலே போய், கப்பலின் உடல், சுக்கான், பாய் என்று பிரித்துத் தனித்தனியாக ஹிட் பாயிண்ட் கொடுத்திருக்கிறது. மின்னலுக்கு இப்படித்தான் இருக்க வேண்டும். மின்னல் உச்சியைத்தான் தேடும், கப்பலில் உச்சி என்றால் பாய்மரம். மரக்கப்பல் காலத்தில் அதனால் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. வில்லியம் ஸ்னோ ஹாரிஸ் என்கிற ஆங்கிலேயர் பாய்மரத்திலேயே செப்புத் தகட்டைப் பதித்து, கப்பலின் அடிவரை கொண்டுபோய்க் கடலோடு இணைக்கும் முறையைக் கொண்டுவந்தார். 1831-இல் டார்வின் ஏறிப்போன பீகிள் கப்பலில் அது இருந்தது. சால்ட்மார்ஷ் புத்தகத்தை வைத்து ஆடுகிறவர்கள் அந்தச் செப்புப் பட்டையைக் காசுக்கு வாங்கும் பொருளாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அது இருந்தால் பாய்க்கு மின்னல் சேதம் இல்லை.

பறக்கும் கப்பலுக்கு ஏசி 13, ஹிட் பாயிண்ட் 300, த்ரெஷோல்ட் கிடையாது. ஆக எல்லா அடியும் உறைக்கும். விமானத்தில் மின்னல் விழுவது சாதாரணம், உலோகத் தோலோடு ஓடிப் போய்விடும். பயம் எரிபொருளில்தான். 1963 டிசம்பர் 8 அன்று அமெரிக்காவில் ஒரு போயிங் 707 மின்னல் பட்டு, இறக்கையிலுள்ள எரிபொருள் தொட்டியின் ஆவி பற்றிக்கொண்டு விழுந்தது. 81 பேரும் போய்விட்டார்கள். விமானங்களில் மின்னல் பாதுகாப்பு விதிகள் கடுமையானது அதற்குப் பிறகுதான். அதனால் பறக்கும் கப்பலில் எண்ணெய்ப் பீப்பாய் எங்கே இருக்கிறது என்பதை நான் முதலிலேயே வரைபடத்தில் குறிக்கச் சொல்லிவிடுவேன்.

இயந்திர வண்டி வைத்து ஆடுகிறவர்களுக்கு 2019-இல் வந்த நரகப் பயணக் கதைப் புத்தகம் ‘டிசென்ட் இன்டூ அவெர்னஸ்’ உதவும். அதிலுள்ள போர் வண்டிகளுக்கு ‘மிஸ்ஹாப் த்ரெஷோல்ட்’ என்று ஒன்று இருக்கிறது. ஒரே அடியில் அந்த அளவைத் தாண்டிவிட்டால் ஹிட் பாயிண்ட் போவதோடு நிற்காது, ஒரு அட்டவணையில் உருட்ட வேண்டும், வண்டியில் ஏதாவது ஒன்று கோளாறாகும். கடைக்கு வந்த அந்தக் காருக்கு நடந்தது இதுதான். பாடி முழுசாக இருந்தது, ஈசிஎம் போனதால் வண்டி நகரவில்லை. மின்னலுக்கு மட்டும் அந்த அளவைப் பாதியாக்கிக்கொண்டால் கச்சிதமாகப் பொருந்தும்.

வாங்கலாமா என்று கேட்டால்: புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலில் காசு போட வேண்டாம். 2014 விதிகளின் அடிப்படைப் பகுதியை 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாக விட்டிருக்கிறார்கள், மேலே சொன்ன மின்னல் மந்திரங்கள் எல்லாம் அதிலேயே இருக்கின்றன. 3.5-உம் முன்பே சொன்ன மாதிரி இணையத்தில் இலவசம்தான். இரண்டையும் இறக்கிக்கொண்டு, ஐந்தாம் பதிப்பில் ஆடி, பொருள் உடைகிற கணக்கை மட்டும் 3.5-இலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் புத்தகம் இல்லை, ஆங்கிலம் எளிதாகவே இருக்கிறது, பாலிடெக்னிக் பிள்ளைகள் படித்துச் சொல்லிவிடுவார்கள். பிடித்துப்போய் ஒரு புத்தகமாவது கையில் வேண்டும் என்றால் பிளேயர்ஸ் ஹேண்ட்புக். கடல் கதை ஆடுகிறவர்கள் சால்ட்மார்ஷையும் சேர்த்து வாங்கலாம். மொத்த விளையாட்டுக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு நாலரை, வண்டியும் மின்னலும் சேர்கிற இடத்துக்கு மட்டும் இரண்டு. அடுத்த திருத்தத்தில் லைட்னிங் போல்ட்டுக்கு அடியில் பொருள்களைப் பற்றி ஒரு வரியும், கவர் விதியில் மறைப்பு எதனால் ஆனது என்று ஒரு வரியும் சேர்த்தால் மீதி மதிப்பெண்ணையும் போட்டுவிடுவேன்.